கமறலை அளந்த கதை

(முதுகலை வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

தமிழில் ‘கமறல்’ என்றொரு சொல் உண்டு. எண்ணெய் காய்ந்து புகையும்போதும் மிளகாய் வறுபடும்போதும் தொண்டையைப் பிடித்து, மூக்கை எரித்து, கண்ணில் நீரை வரவழைக்கிறதே ஒரு நெடி, அதற்கு நம் மக்கள் வைத்த பெயர் அது. அந்தச் சொல்லை அறியாத அடுப்படி நம் நாட்டில் இல்லை. ஆனால், “கமறல் எவ்வளவு?” என்று கேட்டால் யாரால் விடை கூற முடியும்? ‘லேசாக’, ‘ரொம்ப’, ‘நிற்க முடியவில்லை’ என்ற மூன்று அளவுகளுக்கு மேல் நம்மிடம் அளவுகோல் இல்லை. பாலுக்கு லாக்டோமீட்டர் இருக்கிறது. காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது. கமறலுக்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியைத்தான் என் முதுகலை ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டேன். அதில் கற்றதையும் பெற்றதையும் கல்லூரித் தோழர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி நூலகத்தில் எனக்குக் கிடைத்ததன்று. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் என் பெற்றோர் வடை, பஜ்ஜிக் கடை நடத்துகிறார்கள். மாவரைப்பதும் கல்லாவும் அப்பாவின் பொறுப்பு. வாணலியும் அடுப்பும் அம்மாவின் பொறுப்பு. என்னைப் படிக்க வைத்ததும், என் தம்பியைப் படிக்க வைத்துக்கொண்டிருப்பதும் அந்த வாணலிதான். மூன்று ஆண்டுகளாக அம்மாவுக்கு இருமல். மாலை நேரத்தில் கண்கள் சிவந்துவிடும். மருத்துவர் மார்பைச் சோதித்துவிட்டு, “புகையில் நிற்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்றார். அடுப்பில் நிற்பவரைப் பார்த்துப் புகையில் நிற்காதே என்றால் என்ன செய்வது? எதைக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்று தெரிந்தாலல்லவா குறைக்க முடியும்? அதனால்தான் அளக்க விரும்பினேன்.

கமறலுக்குக் காரணமானவற்றுள் முதன்மையானது ஆக்ரோலின் என்னும் சேர்மம். இளங்கலை வகுப்பில் கிளிசராலைப் பொட்டாசியம் பைசல்ஃபேட்டுடன் சேர்த்துச் சூடாக்கி, எழும் நெடியைக் கொண்டு கிளிசராலை உறுதிசெய்தோமே, நினைவிருக்கிறதா? ஆய்வகமே இருமிய அந்தச் சோதனைக்கு ‘ஆக்ரோலின் சோதனை’ என்றே பெயர். 1839-இல் சுவீடன் நாட்டு வேதியியல் மேதை பெர்சீலியஸ் இதற்குப் பெயரிட்டார். உறைப்பைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்லையும் எண்ணெயைக் குறிக்கும் இன்னொரு லத்தீன் சொல்லையும் இணைத்தே அப்பெயரை அமைத்தார். தமிழில் சொல்வதானால் ‘எண்ணெய்க் கமறல்’! நம் பாட்டிமாரும் பெர்சீலியசும் ஒரே பொருளுக்கு ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். முதல் உலகப் போரின்போது பிரெஞ்சுப் படையினர் இதனைக் கண்ணெரிக்கும் குண்டுகளில் அடைத்து வீசினார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். போர்க்களத்தில் எறியப்பட்ட அதே பொருள் நம் தாய்மார்களின் முகத்துக்கு நேரே, மிகச் சிறிய அளவில், அன்றாடம் எழுகிறது.

எண்ணெய் என்பது கிளிசராலும் கொழுப்பமிலங்களும் பிணைந்த பொருள். வடை வேகும் வாணலியின் சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அச்சூட்டில் கிளிசராலின் பகுதி நீரை இழந்து ஆக்ரோலினாகலாம். அதைவிட, இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பமிலங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து துண்டு துண்டாக முறிந்து பல ஆல்டிஹைடுகளைத் தருகின்றன. ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, ஆக்ரோலின், ஹெக்சனால், நான்கு-ஹைட்ராக்சி நொனீனால் என்று அந்தக் குடும்பம் பெரியது. ஆக்ரோலினின் கொதிநிலை வெறும் 53 டிகிரிதான். ஆகவே அது பிறந்த நொடியே ஆவியாகி மேலே கிளம்பிவிடுகிறது.

ஆல்டிஹைடுகள் அனைத்தையும் பகைவர்களாக எண்ணிவிடலாகாது. கொத்தமல்லித் தழையின் மணமும், சீரகத்தின் மணமும், இலவங்கப்பட்டையின் மணமும் ஆல்டிஹைடுகள் தந்தவையே. சூடான பஜ்ஜியின் மணம் பேருந்தில் ஏறப் போகிறவரைக்கூடத் திரும்பிப் பார்க்க வைக்கிறதே, அந்த மணத்தில் பெரும்பங்கு டெக்காடையீனால் என்னும் ஆல்டிஹைடுக்கு உரியது. அதுவும் கொழுப்பமிலம் முறிவதால் பிறப்பதே. வாடிக்கையாளரை அழைக்கும் மணமும் அம்மாவை அழவைக்கும் நெடியும் ஒரே வாணலியில் பிறந்த உடன்பிறப்புகள்! ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றொன்றை விலக்குவது எளிதன்று.

இவை ஏன் உடலைத் தாக்குகின்றன? கார்பனைல் தொகுதியில் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்துள்ளன. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கார்பன் எலக்ட்ரான் குறைந்து, பசித்த வாயோடு நிற்கிறது. நம் உடலின் புரதங்களில் லைசீன் என்னும் அமினோ அமிலத்தின் நைட்ரஜனும், சிஸ்டீனின் கந்தகமும் எலக்ட்ரான் மிகுந்தவை. இரண்டும் சந்தித்தால் கைகோத்துக்கொள்கின்றன. ஆக்ரோலினுக்குக் கார்பனைலோடு ஓர் இரட்டைப் பிணைப்பும் சேர்ந்திருப்பதால் அதற்கு இரண்டு கைகள். கண்ணின் ஈரப் படலமும் தொண்டையின் மெல்லிய தோலும்தான் அதன் வழியில் முதலில் எதிர்ப்படுபவை. உலக நல நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. அதே முகமையின் 2020-ஆம் ஆண்டுக் கூட்டம் ஆக்ரோலினை ‘பெரும்பாலும் உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் வைத்தது. அதிகச் சூட்டில் பொரிக்கும்போது எழும் ஆவியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இப்பிரிவுகள் சான்றின் வலிமையைக் கூறுபவையே தவிர, அடுப்பருகே நிற்பவருக்கெல்லாம் நோய் வரும் என்று கூறுபவை அல்ல. அளவு எவ்வளவு என்பதே அடுத்த கேள்வி.

அந்த அளவு மிக நுண்ணியது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் ஆக்ரோலின் காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.1 பங்கைத் தாண்டலாகாது. ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 0.23 மில்லிகிராம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் காற்றை உறிஞ்சினால் 60 லிட்டர் கிடைக்கும். அந்த 60 லிட்டரிலும் இருக்கும் ஆக்ரோலின் 14 மைக்ரோகிராம்தான். ஒரு பொடியுப்புத் துகளின் எடைகூட அதில் இல்லை! அதுவும் ஓடி மறையும் ஆவி. எதைத் தொட்டாலும் வினைபுரியும் குணம். சீசாவில் அடைத்து எடுத்துச் சென்றால் போய்ச் சேருவதற்குள் சீசாவின் சுவரோடும் ஈரத்தோடும் கலந்து காணாமற்போகலாம்.

இங்கேதான் வேதியியலின் சாமர்த்தியம் வருகிறது. ஓடுகிறவனை ஓடவிட்டுத் துரத்துவதைவிட, அவன் விரும்பிக் கைகோக்கும் ஒருவரை வழியில் நிறுத்தி வைப்பது மேல் அல்லவா? 1926-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஆஸ்கர் பிராடி, எல்ஸ்மி என்பாருடன் சேர்ந்து, ஆல்டிஹைடு, கீட்டோன்களைக் கண்டறிய 2,4-டைநைட்ரோபினைல் ஹைட்ரசீனைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். நம் ஆய்வக அலமாரியில் ‘பிராடி வினைப்பொருள்’ என்று சீட்டு ஒட்டி நிற்கும் ஆரஞ்சு நிறக் கரைசல் அதுதான். அதன் ஹைட்ரசீன் முனையிலுள்ள நைட்ரஜன், கார்பனைல் கார்பனை விட்டுவைக்காது. நீர் மூலக்கூறு ஒன்று வெளியேற, இரண்டும் ஹைட்ரசோனாக இணைந்து மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வீழ்படிகின்றன. இப்படி அளக்க வேண்டிய பொருளை, அளப்பதற்கு வசதியான இன்னொரு பொருளாக மாற்றிக்கொள்வதற்கு வழிப்பொருளாக்கல் என்று பெயர். ஆல்டிஹைடின் எந்தக் குணம் உடலைத் தாக்குகிறதோ, அந்தக் குணமே அதனைப் பிடித்தும் கொடுக்கிறது. கெடுக்கும் கையே காட்டியும் கொடுக்கிறது என்பதை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

நம் உடலும் இதே தந்திரத்தைக் கையாள்கிறது என்பதைப் பின்னர்ப் படித்தபோது வியப்பு இரு மடங்காயிற்று. உள்ளே நுழைந்த ஆக்ரோலினைக் குளூட்டாதையோன் என்னும் கந்தகச் சேர்மம் எதிர்கொண்டு பிணைத்துக்கொள்கிறது; அந்தப் பிணைப்பு சில மாற்றங்களுக்குப் பின் மெர்காப்ட்யூரிக் அமிலம் ஒன்றாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிங்கப்பூரில் வீட்டில் வழக்கமாகச் சமைக்கும் சீனப் பெண்களின் சிறுநீரில் இந்த அமிலத்தை நிறை நிறமாலைமானியால் அளந்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட மற்றவர்களைவிட அப்பெண்களிடம் அது அதிகமாக இருந்தது. அடுப்படியில் நின்றவரின் உடல் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள்.

இனி எங்கள் செய்முறைக்கு வருகிறேன். அடுப்பின் அருகே அம்மாவின் மூக்குயரத்தில் ஒரு சிறு குழலைக் கட்டித் தொங்கவிட்டோம். அதனுள் டைநைட்ரோபினைல் ஹைட்ரசீன் பூசிய சிலிக்கா மணிகள் இருக்கும். துறையிலிருந்த மின்கலப் பம்பு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் காற்றை அதன் வழியே இழுக்கும். காற்றிலுள்ள ஓசோன் இவ்வினையைக் கெடுக்கும் என்பதால் முன்னே பொட்டாசியம் அயோடைடு அடைத்த மற்றொரு குழலை வைத்தோம். வாடிக்கையாளர் அமரும் பெஞ்சருகே இன்னொரு குழல். ஒரு மணி நேரம் கழித்துக் குழலை மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுவந்து, அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் கழுவி, பழுப்புச் சீசாவில் சேர்த்தோம். கடைக்கு வந்தவர்கள், “என்னம்மா இது, கரண்ட் மீட்டரா?” என்று கேட்டார்கள். “எம் பொண்ணு பொகைய எடை போடறா” என்று அம்மா சொன்னார். அதைவிடத் தெளிவாக என் ஆய்வேட்டின் முன்னுரையில் நானும் எழுதவில்லை.

‘வெற்றுச் சோதனை’யின் அருமையை இந்த ஆய்வில்தான் உணர்ந்தேன். எங்கள் பேராசிரியர் தொடக்கத்திலேயே, “ஆய்வகக் காற்றிலேயே ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, கண்ணாடிக் கலங்களை அசிட்டோனால் கழுவுகிறோம், அசிட்டோனும் ஒரு கார்பனைல்தானே? காற்றே இழுக்காத குழலையும் கூடவே கொண்டுபோ, கூடவே கொண்டுவா” என்று கட்டளையிட்டார். ஒவ்வொரு நாளும் பம்பு பொருத்தாத ஒரு குழல் எங்களோடு கடைக்கு வந்து திரும்பியது. அதில் காணப்பட்ட அளவை மற்றவற்றிலிருந்து கழித்தோம். கைச்சுத்தம் என்பது வேதியியலில் வெறும் பழமொழி அன்று. அது ஒரு கழித்தல் கணக்கு.

பிராடியின் காலத்தில் ஹைட்ரசோனின் உருகுநிலையைக் கொண்டு எந்த ஆல்டிஹைடு என்று கண்டுபிடித்தார்கள். நாமும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் ஃபார்மால்டிஹைடின் ஹைட்ரசோன் 166 டிகிரியிலும் அசிட்டால்டிஹைடின் ஹைட்ரசோன் 168 டிகிரியிலும் உருகும் என்கிறது பாடநூல் அட்டவணை. பத்துச் சேர்மங்கள் கலந்த, கண்ணுக்கே தெரியாத அளவை இம்முறையில் பிரிக்க இயலாது. அதற்காகவே நீர்ம வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும்.

நிறை நிறமாலைமானியின் வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. ஜே. ஜே. தாம்சன் 1912-13-இல் நியானில் 20, 22 என்ற இரு நிறைகள் இருப்பதைக் கண்டார். அவருடைய மாணவரும் உதவியாளருமான ஆஸ்டன் 1919-இல் அக்கருவியைச் செம்மைப்படுத்தி, 1922-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். கரைசலிலுள்ள மூலக்கூறுகளை மின்சாரத் தெளிப்பின் மூலம் சிதையாமல் அயனிகளாக்கும் வழியை வகுத்த ஜான் ஃபென் 2002-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இக்கருவி மின்சுமை ஏற்றவற்றை மட்டுமே நிறுக்கும். சின்னஞ்சிறு ஆல்டிஹைடுகள் மின்சுமையை எளிதில் ஏற்பதில்லை. அவற்றோடு பிராடியின் வினைப்பொருளைக் கட்டிவிட்டால், அந்த ஹைட்ரசோன் ஒரு புரோட்டானை இழந்து எதிர் அயனியாகிவிடுகிறது. வேதியியல் கட்டிய அந்த வாலைப் பிடித்துத்தான் இயற்பியல் தூக்கி நிறுக்கிறது.

கணக்கும் எளியதே. வினைப்பொருளின் நிறை 198. வெளியேறும் நீர் 18. ஆகவே எந்தக் கார்பனைலோடும் 180-ஐக் கூட்ட வேண்டும். ஃபார்மால்டிஹைடு 30, ஹைட்ரசோன் 210. அசிட்டால்டிஹைடு 44, ஹைட்ரசோன் 224. ஆக்ரோலின் 56, ஹைட்ரசோன் 236. ஹெக்சனால் 100, ஹைட்ரசோன் 280. ஒரு புரோட்டான் போனபின் கருவி காட்டுபவை 209, 223, 235, 279. சிக்கல் எங்கே என்றால், அசிட்டோனும் 58, புரோப்பனாலும் 58. இரண்டும் 237-இல் வந்து நிற்கும் இரட்டையர்! அவர்களைப் பிரிக்க இரு வழிகள் உண்டு. வண்ணப்பிரிகைக் குழாயிலிருந்து அவர்கள் வெவ்வேறு நேரத்தில் வெளிவருவார்கள். அன்றியும், கருவிக்குள் அயனிகளை மோதி உடைத்தால் ஆல்டிஹைடின் ஹைட்ரசோன் 163 என்ற துண்டைத் தரும். கீட்டோன் அதைத் தராது. முகம் ஒன்றாயிருந்தாலும் குரலால் வேறுபடும் இரட்டையரைப் போல.

ஆக்ரோலின் மட்டும் கடைசிவரை எங்களுக்குத் தண்ணீர் காட்டியது. அதன் ஹைட்ரசோன் குழலுக்குள்ளேயே மிகுதியாயிருக்கும் வினைப்பொருளோடு மேலும் வினைபுரிந்து வேறு பொருளாகிவிடும் இயல்புடையது. எனவே இம்முறையில் கிடைக்கும் ஆக்ரோலின் அளவு உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும் என்று அறிஞர் பலர் எழுதியிருக்கிறார்கள். முதலில் ஹைட்ரோகுயினோன் பூசிய அடுக்கில் ஆக்ரோலினைத் தேக்கிப் பிறகு வினைப்படுத்தும் முறையை ஜப்பானிய ஆய்வாளர்கள் வகுத்துள்ளனர். அக்குழல்களை வாங்க எங்களுக்கு வசதியில்லை. ஆகவே என் ஆய்வேட்டில் ஆக்ரோலின் அட்டவணைக்குக் கீழே, ‘இது குறைந்தபட்ச அளவு’ என்று எழுதினோம். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே கூறுவதும் அளவீட்டின் ஒரு பகுதிதான்.

நிறை நிறமாலைமானி நம் கல்லூரியில் இல்லை. வெளியூரிலுள்ள ஒரு கருவி மையத்துக்குச் சீசாக்களை எடுத்துச் சென்றோம். மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம். அப்பாவிடம் கேட்கத் தயங்கினேன். அம்மா கடுகு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த நோட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. கருவி மையத்தின் கட்டண மேசையில் அவற்றை எண்ணி வைத்தபோது, இந்த ஆய்வுக்கு நிதி நல்கியது யார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

முடிவுகள் வந்தன. புது எண்ணெய் ஊற்றிய மாலையிலும், பழைய எண்ணெயோடு புது எண்ணெய் கலந்து மூன்றாம் நாளாக ஓடிய மாலையிலும் எடுத்த வரைபடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். ஹெக்சனாலின் முகடு இரண்டாவதில் வெகுவாக உயர்ந்திருந்தது. ஆக்ரோலினும் அசிட்டால்டிஹைடும் உயர்ந்திருந்தன. அடுப்பருகே கண்ட முகடுகள், பத்தடி தள்ளியிருந்த பெஞ்சருகே சிறு மேடுகளாகக் குன்றியிருந்தன. “சில மாலைகளின் அளவை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லாதே. உன் கடைக்கு, அந்த மாலைகளுக்கு, இது உண்மை. அவ்வளவுதான்” என்றார் பேராசிரியர். எனக்கு அதுவே போதுமானதாயிருந்தது. ஏனென்றால் எனக்குத் தேவைப்பட்டது எங்கள் கடையின் உண்மைதான்.

ஆனால் உண்மையைக் கண்டறிவது வேறு. வீட்டுக்குக் கொண்டுபோவது வேறு. அன்றிரவு வரைபடத்தை விரித்து வைத்து விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தினமும் எண்ணெய மாத்தச் சொல்ற. எண்ணெய் விக்கிற விலைக்கு வடை விலைய ஏத்தணும். ஏத்துனா எதுத்த கடைக்குப் போயிருவாங்க. தம்பிக்கு ஃபீஸ் யாரு கட்டறது?” என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. என் வரைபடத்தில் அதற்கு விடையுமில்லை. 2018-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையிலுள்ள உணவுப் பாதுகாப்பு விதிப்படி, பொரிக்கும் எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தலாகாது என்பதையும் சொல்லிப் பார்த்தேன். “சட்டத்துக்கு எண்ணெய் வெல தெரியுமா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அம்மா மட்டும் வரைபடத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். “இந்த உசரமா இருக்கறது மூணாம் நாளா, கண்ணு?” என்று கேட்டார். ஆமென்றேன். “எனக்குத் தெரியும். நொர கட்டும். கறுத்துப் போயி, பிசுபிசுன்னு நூலாட்டம் எறங்கும். அன்னிக்குத்தான் கண்ணு எரியும். ஆனா சொன்னா யாரு நம்பறா? எண்ணெய மிச்சம் பண்ணத் தெரியாதவன்னு சொல்லுவாங்க” என்றார். பதினெட்டு ஆண்டுகளாக அவர் மூக்கும் கண்ணும் அளந்து வைத்திருந்ததைத்தான் அந்தப் பெருங்கருவி அச்சடித்துக் கொடுத்திருக்கிறது! அவருக்குப் புதிதாகக் கிடைத்தது செய்தி அன்று, சாட்சி.

மறுவாரம் அவரே வழி கண்டார். அகன்ற வாணலியை எடுத்துவைத்துவிட்டு, வாய் குறுகிய சிறிய வாணலி ஒன்று வாங்கினார். அகன்ற பரப்பில் எண்ணெயைக் காற்று அதிகம் தொடும் என்று நான் சொன்னதை மனத்தில் வைத்திருந்தார் போலும். சிறு வாணலிக்கு எண்ணெய் குறைவாகப் போதும். ஊற்றியதில் பெரும்பகுதி அன்றைய வியாபாரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. மறுநாளைக்கு வைத்துக்கொள்ளும் பேச்சே இல்லை. கருகிய மாவுத் துணுக்குகளை அரிகரண்டியால் அவ்வப்போது அரித்தெடுத்தார். எண்ணெய் புகையும்வரை காத்திராமல் தீயை மட்டுப்படுத்தினார். அடுப்பைச் சுவரோரத்திலிருந்து சந்தின் திறந்த பக்கத்துக்கு மாற்றி, காற்று தம் முதுகுப் பக்கமிருந்து வீசுமாறு நின்றுகொண்டார்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. சிறு வாணலியில் ஓர் ஈட்டுக்கு எட்டு வடைதான் வேகும். மாலை நான்கரை மணிப் பேருந்துக்கு நிற்பவர்கள் காத்திருக்கமாட்டார்கள். சிலர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். முதல் மாதம் கல்லாவில் குறைந்தது. அப்பா கணக்கு நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் அவரே இரண்டாவது சிறு அடுப்பொன்று வாங்கி வந்து, பஜ்ஜி போடத் தாம் நின்றார். அரை மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து முகத்தைத் துண்டால் துடைத்தபடி, “இத எப்படிடி இத்தன வருசம் நின்ன?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியே ஒரு பதிலாக அவருக்கு இருந்திருக்கலாம்.

அம்மாவின் இருமல் முற்றிலும் நின்றுவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நிற்கவில்லை. மாலையில் கண் சிவப்பது குறைந்திருக்கிறது, இரவில் தூங்குகிறார். மூச்சுக்குழலைப் பற்றிய தீர்ப்பை மருத்துவரிடம் விட்டுவிட்டேன். மாற்றத்துக்குப் பின் மீண்டும் மாதிரிகள் எடுத்தோம். அடுப்பருகே முகடுகள் தாழ்ந்திருந்தன, மறையவில்லை. பொரிக்கிற வரையில் மறையப்போவதுமில்லை.

தோழர்களே! வேதியியலைப் பாடநூலோடு முடிந்துபோகும் ஒன்றாகவும், பெருங்கருவிகள் உள்ள இடத்தில்தான் ஆய்வு நடக்கும் என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் கேட்டிருக்கிறேன், “அரசுக் கல்லூரியில் படித்து என்ன ஆராய்ச்சி செய்யப் போகிறீர்கள்?” என்று. கருவி வெளியூரில் இருக்கலாம். கேள்வி நம் ஊரில் இருக்கிறது. சாயப்பட்டறையில் வேலை செய்யும் தந்தையும், செங்கற்சூளையில் நிற்கும் அண்ணனும், பூச்சிமருந்து தெளிக்கும் மாமாவும் உள்ள வீடுகளிலிருந்துதான் நாம் இங்கே வருகிறோம். அவர்களுடைய கண்ணும் மூக்கும் தோலும் பல ஆண்டுகளாக அளந்து வைத்திருப்பவை ஏராளம். அவற்றை எண்ணாக மாற்றி எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவராகும் பயிற்சியைத்தான் இக்கல்லூரி நமக்கு அளிக்கிறது.

முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு செய்தி. ஆய்வக அலமாரியின் இரண்டாம் தட்டில், இடப்பக்கம், அந்த ஆரஞ்சு நிறக் கரைசல் இருக்கிறது. வீழ்படிவு வந்ததும் ‘கார்பனைல் உள்ளது’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டுச் சோதனைக் குழாயைக் கழுவப் போகுமுன், ஒரு நிமிடம் அந்த நிறத்தைப் பாருங்கள். அது யாருடைய அடுப்படியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்றும் எண்ணிப் பாருங்கள்.